எட்டுப் பேருக்குச் சமைக்கும் நாளில் விருந்தினரோடு உட்கார்ந்து சாப்பிட என்ன வழி?

வானவில் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் நான்கு பேருக்கு நாள்தோறும் சமைப்பது எனக்குப் பழகிய வேலை; அதில் எந்தத் தயக்கமும் இல்லை. விருந்தினர் வரும் நாளில்தான் எல்லாம் மாறிவிடுகிறது. அவர்கள் வந்து அமர்ந்த பிறகும் நான் எதையாவது வதக்கிக்கொண்டோ பொரித்துக்கொண்டோ நிற்கிறேன். பேச வந்தவர்கள் ஒவ்வொருவராக அடுப்படி வாசலில் வந்து நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புகிறார்கள். எல்லோரும் உண்டு முடிக்கும் நேரத்தில்தான் நான் என் தட்டை எடுக்கிறேன். அவர்களோடு நேரம் செலவிட வேண்டும் என்றுதான் அழைக்கிறேன், அதுவே நடப்பதில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்களையும் சேர்த்து எட்டுப் பெரியவர்களும் இரண்டு சிறு குழந்தைகளும் உண்ணப் போகிறோம். பெரியவர்களில் ஒருவர் இறைச்சி உண்ணாதவர். இன்னொருவருக்கு நிலக்கடலை ஒவ்வாது. என்னிடம் மூன்று பர்னர் அடுப்பும் ஒரு சிறிய ஓவனும் இருக்கின்றன. உதவிக்கு என் கணவர் இருக்கிறார். ஆனால் அவரிடம் எந்த வேலையைக் கொடுப்பது என்று சொல்வதற்குள் நானே அதைச் செய்துவிடுகிறேன்.

தனித்தனிச் சமையல் குறிப்புகள் எனக்கு வேண்டியதில்லை. அவை எங்கும் கிடைக்கின்றன. எந்த வகை உணவுகளைத் தேர்ந்தெடுப்பது, எவற்றை முதல் நாளே செய்து வைப்பது, இத்தனை பேருக்கான அளவை எப்படிக் கணக்கிடுவது என்பதைப் பற்றி அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

அகப்பை எழுதியது:

வணக்கம், சகோதரி. விருந்துக்கான உணவுகளைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் பெரும்பாலும் சுவையை மட்டும் பார்க்கிறோம். சமைத்து முடித்த பிறகு அந்த உணவு எவ்வளவு நேரம் கெடாமல், சுவை குன்றாமல் காத்திருக்கும் என்பதை முதலில் பாருங்கள் என்பதே என் ஆலோசனை. ஓர் உணவு நமக்காகக் காத்திருக்கும், அல்லது அதற்காக நாம் அடுப்பருகில் காத்திருக்க வேண்டும். இரண்டாவது வகையிலிருந்து ஒரே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் முதல் வகையிலிருந்து எடுத்தால், நீங்கள் சொல்லும் சிக்கலில் பெரும்பகுதி பட்டியல் எழுதும்போதே தீர்ந்துவிடும்.

நன்றாகக் காத்திருப்பவை எவை என்று பார்த்தால், நீர்ப்பசையோடு மெதுவாக வெந்த பயறுக் குழம்புகள், கிழங்குகளும் தக்காளியும் சேர்ந்த கூட்டுகள், எலும்போடு நெடுநேரம் வெந்த இறைச்சி, சூப் வகைகள் ஆகியவற்றைச் சொல்லலாம். இவற்றில் பல மறுநாள் இன்னும் சுவையாக இருக்கும். உப்பும் மசாலாவும் உள்ளே ஊற நேரம் கிடைக்கிறது. இறைச்சியின் இணைப்புத் திசுவில் உள்ள கொலாஜன் ஜெலட்டினாக மாறிக் குழம்புக்குக் கனமும் வழவழப்பும் தருகிறது. ஆறிய பிறகு இந்தக் குழம்புகள் இறுகிவிடும் என்பதால், சூடாக்கும்போது கொதிநீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பதத்துக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே உப்பைச் சரிபார்க்க வேண்டும்.

காத்திருக்காதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பொரித்த எதுவும் சில நிமிடங்களிலேயே மொறுமொறுப்பை இழக்கும். மூடி வைத்தால் இன்னும் விரைவாக இழக்கும், ஏனெனில் அதன் உள்ளிருந்து வரும் ஆவி வெளியேற வழியின்றி மேற்புறத்தையே நனைக்கிறது. மீன் துண்டுகள், முட்டை, தோலும் எலும்பும் இல்லாத கோழி மார்புக்கறி ஆகியவை சூட்டில் வைத்திருந்தால் உலர்ந்து இறுகும். கோழித் தொடைக்கறியில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் அதிகம் என்பதால் அது கால் மணி நேரம் கூடுதலாக வெந்தாலும் கெடுவதில்லை. விருந்துக்குக் கோழி என்றால் நான் எப்போதும் தொடையைத்தான் வாங்குவேன்.

சாலட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது எளிதானது என்று எண்ணிப் பலர் முன்கூட்டியே கலந்து வைத்துவிடுகிறார்கள். உப்புப் பட்டவுடன் வெள்ளரியும் தக்காளியும் நீர் விடத் தொடங்கும். எண்ணெயும் புளிப்பும் பட்ட கீரை இலைகள் துவண்டுவிடும். காய்களைக் காலையிலேயே நறுக்கி மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் என்ற கணக்கில் கலவையைத் தயாரித்து ஒரு மூடிபோட்ட பாட்டிலில் தனியாக வைத்திருங்கள். உண்ண அமரும்போது குலுக்கி ஊற்றிக் கலந்தால் போதும்.

இன்னொன்று, பட்டியலைச் சுருக்குங்கள். மனநிறைவோடு உண்ண ஒரு முதன்மை உணவு, சோறோ ரொட்டியோ ஒன்று, வெந்த காய் ஒன்று, பச்சையாக உண்பது ஒன்று, இனிப்பு ஒன்று என்பதே போதும். எட்டு வகை வைத்தால் விருந்தினர் எதையும் இரண்டாம் முறை கேட்டு வாங்க மாட்டார்கள். எல்லாவற்றிலும் சிறிது மிச்சமாகும். விருந்தன்று முதன்முதலாக ஒரு புதிய உணவைச் செய்து பார்க்காதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது உங்கள் கைக்கு இன்னும் தெரியாது.

உப்புக்கல் எழுதியது:

அகப்பை அவர்கள் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். அளவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை மட்டும் நான் எழுதுகிறேன்.

ஒரு பெரியவருக்குச் சமைக்காத அரிசி 75 முதல் 90 கிராம் வரை போதும். பாஸ்தா முதன்மை உணவானால் 90 முதல் 100 கிராம், உருளைக்கிழங்கு 200 கிராம், எலும்பில்லாத இறைச்சி 150 கிராம், எலும்போடு என்றால் 250 கிராம், எல்லாக் காய்களும் சேர்ந்து 150 முதல் 200 கிராம், முதலில் பரிமாறும் சூப் என்றால் 200 முதல் 250 மில்லி வரை எனக் கணக்கிடலாம். சிறு குழந்தைகளுக்கு இதில் பாதி. இவை ஒவ்வொன்றும் தனித்து நிற்கும்போது உள்ள அளவுகள் என்பதை மறக்க வேண்டாம். இறைச்சியும் பயறும் இரண்டும் முதன்மையாக வைக்கப்படும்போது இரண்டுக்கும் முழு அளவு எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு கட்டாயம் மிச்சமாகும்.

பொருள்களை இரட்டிப்பாக்கலாம், ஆனால் தண்ணீரும் நேரமும் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாதவை. அரிசி உறிஞ்சும் நீர் அரிசியின் அளவோடு சேர்ந்து கூடும்; ஆவியாகும் நீரோ பாத்திரத்தின் வாயகலத்தையும் மூடியின் இறுக்கத்தையும் பொறுத்தது. அரிசி இரண்டு மடங்கானதால் ஆவியும் இரண்டு மடங்காகாது. எனவே தண்ணீரை நேராக இரட்டித்தால் சோறு குழைந்துவிடும். குழம்புக்கும் இதே நியாயம் பொருந்தும்: பெரிய அளவில் செய்யும்போது வற்றுவது ஒப்பீட்டளவில் குறைவு என்பதால் தொடக்கத்திலேயே நீரைக் குறைத்து ஊற்றுங்கள். உப்பையும் காரத்தையும் கணக்குப்படி வரும் அளவில் முக்கால் பங்கு மட்டும் முதலில் சேர்த்து, கடைசியில் சுவை பார்த்து மீதியை முடிவு செய்யுங்கள். குறைந்ததைக் கூட்டலாம், கூடியதைக் குறைப்பது கடினம்.

நேரத்தைப் பொறுத்தவரை, உங்கள் பர்னர் தரும் வெப்பம் எப்போதும் ஒன்றுதான். நான்கு லிட்டர் தண்ணீர் கொதிக்க இரண்டு லிட்டருக்கு ஆகும் நேரத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகும். இதை எண்ணிப் பார்க்காததால்தான் பல விருந்துகள் அரை மணி நேரம் தாமதமாகின்றன. கொதித்த பிறகு வேகும் நேரம் பெரிதாக மாறாது, ஏனெனில் அதைத் தீர்மானிப்பது துண்டின் பருமன்.

வதக்குவதிலும் ஓவனில் சுடுவதிலும் இடம் முக்கியம். துண்டுகள் பொன்னிறமாக அவற்றின் மேற்பரப்பு ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். மேற்பரப்பில் நீர் இருக்கும்வரை அது 100 டிகிரியைத் தாண்டாது. வாணலியை நிறைத்துவிட்டால் காய் விடும் நீர் ஆவியாகி வெளியேற முடியாமல் காய் அவிந்துபோகும். ஆகவே வெங்காயத்தையோ இறைச்சியையோ இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து வதக்குங்கள். ஓவனிலும் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். இரண்டு தட்டுகளை மேலும் கீழுமாக வைத்தால் பாதி நேரத்தில் இடம் மாற்றுங்கள்.

ஒரு சிறு குறிப்பு: குளிர்ந்த நிலையில் பரிமாறப்படுபவற்றில் நம் நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணரும். எனவே சூடாக இருக்கும்போது சுவை பார்த்து முடிவு செய்யாமல், எந்த நிலையில் பரிமாறப் போகிறீர்களோ அந்த நிலையில் ஒரு கரண்டி எடுத்துப் பாருங்கள்.

மாடிப்படி எழுதியது:

முதல் நாளே செய்து வைப்பது நல்ல யோசனைதான். குளிர்பதனப் பெட்டியில் அவ்வளவு பெரிய பாத்திரத்துக்கு இடம் இருக்காது. எங்கள் வீட்டில் குழம்பை இரவு முழுவதும் அடுப்பின் மேலேயே மூடி வைத்துவிட்டு, காலையில் நன்றாகக் கொதிக்க வைத்து விடுகிறோம். கொதித்தால் கிருமிகள் செத்துவிடும் அல்லவா? இதுவரை யாருக்கும் எதுவும் ஆனதில்லை.

மணற்கடிகை எழுதியது:

மாடிப்படி அவர்களே, உங்கள் கேள்வி பலருடைய மனத்தில் இருப்பதுதான். அதனால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். தயவுசெய்து அந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

சமைத்த உணவில் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில். பெரிய பாத்திரத்தில் மூடி வைத்த குழம்பு அந்த இடைவெளியைக் கடந்து ஆறப் பல மணி நேரம் ஆகும். சமைக்கும்போதே எல்லாக் கிருமிகளும் அழிந்துவிடும் என்பது சரியன்று. சில வகைகள் வித்துகளாக மாறிக் கொதியையும் தாங்கி நிற்கும். இறைச்சிக் குழம்பிலும் பயறுக் குழம்பிலும் காணப்படும் கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா அப்படிப்பட்டது. மெதுவாக ஆறும் குழம்பில் அதன் வித்துகள் முளைக்கும். சாதகமான சூட்டில் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகக்கூடியது. மூடிய பாத்திரத்தின் நடுப்பகுதி இதற்கு மிகவும் தோதான இடம்.

சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற மற்றொன்று உண்டு. இது சாதாரண அறைச் சூட்டில் விடப்பட்ட சோற்றில் பெருகி ஒரு நச்சை உண்டாக்கும்; வாந்தியை ஏற்படுத்தும் அந்த நச்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. அதாவது காலையில் நீங்கள் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் பாக்டீரியா செத்திருக்கலாம், அது விட்டுச்சென்ற நச்சு அப்படியே இருக்கும். இதுவரை எதுவும் ஆகவில்லை என்பது உங்கள் நற்பேறு. முதியவர்களும் குழந்தைகளும் கருவுற்றவர்களும் விருந்துக்கு வரும்போது அந்த நற்பேற்றை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் உணவு குளிர்பதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். அறையின் வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள். அடுப்பிலிருந்து இறக்கியவுடன் குழம்பை அகலமான பாத்திரங்களில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மிகாமல் பிரித்து ஊற்றுங்கள். பாத்திரத்தைக் குளிர்ந்த நீர் நிறைந்த தொட்டியில் வைத்து அவ்வப்போது கிளறினால் இன்னும் விரைவாக ஆறும். இடப் பற்றாக்குறைக்கும் இதுவே தீர்வு: ஒரு பெரிய அண்டாவுக்கு இல்லாத இடம் நான்கு தட்டையான டப்பாக்களுக்கு இருக்கும். வேண்டுமானால் ஒருநாள் தண்ணீர்ப் பாட்டில்களையும் குளிர்பானங்களையும் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்; அவற்றைப் பனிக்கட்டி போட்ட வாளியில் வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் சூடாக்கும்போது நடுப்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும். உணவு வெப்பமானி இல்லையென்றால், பாத்திரம் முழுவதும் கொப்பளிக்கும்வரை கிளறிக் கொதிக்க விடுங்கள். ஓரத்தில் மட்டும் குமிழி வருவது போதாது. அதன் பிறகு பரிமாறும்வரை 60 டிகிரிக்குக் குறையாமல், ஆவி பறக்கும் சூட்டில் வைத்திருக்க வேண்டும். மேசையில் வைத்த உணவுக்கும் இரண்டு மணி நேரக் கணக்கு பொருந்தும். எல்லாவற்றையும் ஒரே பெரிய பாத்திரத்தில் கொண்டுவந்து வைப்பதைவிட, சிறிய பாத்திரத்தில் வைத்து, தீர்ந்ததும் அதிலேயே ஊற்றாமல் வேறு பாத்திரத்தில் புதிதாகக் கொண்டுவருவது நல்லது.

சிவப்பு ராஜ்மா சமைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதில் இயற்கையாக உள்ள லெக்டின் என்ற பொருள் வயிற்றைக் கடுமையாகப் பாதிக்கும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊற வைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் பத்து நிமிடமாவது தளதளவெனக் கொதிக்க விட வேண்டும். குறைந்த சூட்டில் நெடுநேரம் வேகவைக்கும் மின்பாத்திரங்களில் நேரடியாகப் போடக் கூடாது.

வானவில் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவற்றைப் படித்த பிறகு ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன்: கொண்டைக்கடலையும் கத்தரிக்காயும் தக்காளியும் சேர்த்த ஒரு குழம்பு, ஓவனில் சுட்ட கோழித் தொடைகள், சோறு, வெள்ளரியும் இலைகளும் சேர்ந்த சாலட், தயிரோடு பழத் துண்டுகள். வெந்த காய் குழம்பிலேயே வந்துவிடுகிறது. மதியம் ஒரு மணிக்கு உண்ண வேண்டும்; விருந்தினர் பன்னிரண்டரைக்கு வருவார்கள். இதை எந்த வரிசையில் செய்வது? ஒவ்வாமை உள்ளவருக்காக வேறு என்ன கவனிக்க வேண்டும்? அவரைத் தனியாகப் பிரித்து வைத்ததுபோல் ஆகிவிடக் கூடாது என்றும் நினைக்கிறேன்.

அகப்பை எழுதியது:

நல்ல பட்டியல், சகோதரி. இறைச்சி இல்லாத குழம்பை எல்லோருக்குமான முதன்மை உணவாக வைத்து, கோழியைக் கூடுதலாக வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இறைச்சி உண்ணாதவருக்கென்று ஒரு சிறு கிண்ணம் தனியாகச் செய்தால் அவர் மேசையில் எல்லோருடைய பார்வைக்கும் ஆளாகிறார். உங்கள் ஏற்பாட்டில் அவர் எல்லோரும் உண்பதையே உண்கிறார். குழம்பில் கோழிச்சாறு சேர்க்காதீர்கள் என்பதையும் கோழிக்கு வேறு கரண்டி வையுங்கள் என்பதையும் மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அளவு: உப்புக்கல் அவர்கள் கணக்குப்படி அரிசி 700 கிராம், உலர்ந்த கொண்டைக்கடலை 500 கிராம், எலும்போடு கோழித் தொடை ஒன்றரைக் கிலோ போதும்.

வெள்ளிக்கிழமை இரவு கொண்டைக்கடலையை ஊறவையுங்கள். சனிக்கிழமை மாலை குழம்பை முழுமையாகச் செய்து, மணற்கடிகை அவர்கள் சொன்னபடி பிரித்து ஆறவைத்துக் குளிரில் வைத்துவிடுங்கள். அன்றிரவே கோழியில் உப்பும் மசாலாவும் தடவி மூடி, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். பச்சை இறைச்சியின் நீர் வேறு உணவின்மேல் சொட்டக் கூடாது என்பதற்காகவே கீழ்த்தட்டு. கோழியைக் குழாயடியில் கழுவ வேண்டாம். தெறிக்கும் நீர் கிருமிகளைச் சுற்றிலும் பரப்பும். ஓவனின் சூடே அவற்றை அழித்துவிடும்.

ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னோக்கிப் பாருங்கள். ஒரு மணியிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் வேண்டுமோ அதைக் கழித்துக்கொண்டே வந்து ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பதினொரு மணிக்குள் காய்களும் பழங்களும் நறுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆப்பிள் இருந்தால் எலுமிச்சைச் சாறு தடவுங்கள். வெட்டிய பரப்பு காற்றுப்பட்டுப் பழுப்பாவதை அந்தப் புளிப்பு தாமதப்படுத்தும். பதினொன்றே முக்காலுக்கு ஓவனை 200 டிகிரியில் போட்டுவிட்டு, பன்னிரண்டு மணிக்குக் கோழியை உள்ளே வையுங்கள். எலும்போடு உள்ள தொடைகள் வேக நாற்பது முதல் ஐம்பது நிமிடம் ஆகும். பன்னிரண்டு இருபதுக்குச் சோற்றுக்கு அடுப்பு. பன்னிரண்டரைக்குக் குழம்பு அடுத்த பர்னரில் ஏறட்டும். அந்நேரம் விருந்தினர் வாசலில் இருப்பார்கள், கையில் வேலை எதுவும் இல்லாமல் நீங்கள் கதவைத் திறக்கலாம். பன்னிரண்டு ஐம்பதுக்குக் கோழியை எடுத்து, தடித்த இடத்தில் 74 டிகிரி இருக்கிறதா என்று பார்த்து, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். சாறு உள்ளே தங்கும். அந்த இடைவெளியில் குழம்பு முழுவதும் கொப்பளிக்கிறதா என்று பார்த்து, சாலட்டைக் கலந்துவிடலாம். மூன்றாவது பர்னர் காலியாகவே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அதை நிரப்ப வேண்டும் என்று இன்னொரு உணவைச் சேர்த்துவிடாதீர்கள்.

கணவருக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். துண்டுதுண்டாக உதவி கேட்டால் ஒவ்வொரு முறையும் நீங்கள் விளக்க வேண்டியிருக்கும். மேசையும் குடிநீரும் முழுவதும் அவர் பொறுப்பு என்று சனிக்கிழமையே பிரித்துவிடுங்கள். எந்த உணவு எந்தப் பாத்திரத்தில் என்று முடிவு செய்து, ஒவ்வொரு காலிப் பாத்திரத்திலும் உணவின் பெயர் எழுதிய சீட்டையும் அதற்குரிய கரண்டியையும் போட்டுவைத்தால், கடைசி நேரத்தில் யாரும் அலமாரியைத் துழாவ வேண்டியதில்லை. நீர்க் கோப்பைகளை உணவு மேசையில் வைக்காமல் தள்ளி ஒரு சிறு மேசையில் வையுங்கள். ஒரே இடத்தில் எல்லோரும் கூடி நிற்பது குறையும். விருந்தினர் வருமுன் தொட்டியில் கழுவ வேண்டிய பாத்திரம் எதுவும் இல்லாமலும் குப்பைக் கூடை காலியாகவும் இருந்தால், உண்டு முடிந்த பிறகு வேலை பாதியாகிவிடும்.

உப்புக்கல் எழுதியது:

ஒவ்வாமையைப் பற்றி நான் சேர்க்கிறேன். அந்த விருந்தினரிடம் முன்கூட்டியே தொலைபேசியில் நேராகக் கேளுங்கள்: நிலக்கடலை மட்டுமா, அல்லது முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகளும் எள்ளும் சேர்ந்தா? சிலருக்குப் பிற பயறு வகைகளும் ஒவ்வாமல் இருப்பதுண்டு. உங்கள் முதன்மை உணவு கொண்டைக்கடலை என்பதால் இதை இப்போதே தெரிந்துகொள்வது அவசியம். பட்டியலைச் சொல்லிவிட்டு அவர் கருத்தைக் கேட்டால் அவரும் நிம்மதியாக வருவார். ஒவ்வாமை உள்ளவர்கள் இப்படிக் கேட்கப்படுவதைப் பெரும்பாலும் விரும்பவே செய்கிறார்கள்.

அவருக்கென்று ஒரு தட்டைத் தனியாக ஒதுக்குவதற்குப் பதிலாக, அன்றைய சமையலிலிருந்தே நிலக்கடலையை முழுவதுமாக விலக்கிவிடுங்கள். கடலை எண்ணெயையும் அன்று எடுக்க வேண்டாம். கடலை பொரித்த எண்ணெயை மறுபடி பயன்படுத்துவது, கடலை வெண்ணெய் தொட்ட கத்தியை வெறுமனே துடைத்துவிட்டு வேறொன்றில் வைப்பது ஆகியவற்றிலும் ஆபத்து உண்டு. சூடு பண்ணினால் ஒவ்வாமை போய்விடாது. பலகையையும் கரண்டிகளையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கைகளையும் அப்படியே, ஏனெனில் கிருமிநாசினித் திரவம் கடலைப் புரதத்தை அகற்றாது. பொட்டலத்தில் வாங்கிய மசாலா, ரொட்டி, இனிப்பு ஆகியவற்றின் உறைகளை அன்று குப்பையில் போடாமல் எடுத்து வையுங்கள். அவர் பார்க்க விரும்பினால் காட்டலாம். வேறு விருந்தினர் எதையாவது செய்துகொண்டு வந்தாலும் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு மேசையில் வையுங்கள்.

இரண்டு குழந்தைகளும் ஐந்து வயதுக்குக் கீழே என்றால் முழுக் கொட்டைகளைக் கொடுக்க வேண்டாம். தயிரோடு வைக்கும் பழங்களில் திராட்சை இருந்தால் அதை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். முழுத் திராட்சை சிறு குழந்தையின் மூச்சுக்குழாயை அடைக்கும் அளவும் வடிவமும் கொண்டது. ஒரு வயது நிறையாத குழந்தை இருந்தால் தேன் கலக்காத தயிரை அதற்கு எடுத்து வையுங்கள்.

வானவில் எழுதியது:

அந்த விருந்தினரிடம் இப்போதுதான் பேசினேன். கொண்டைக்கடலை அவருக்கு ஒத்துக்கொள்ளுமாம். ஆனால் எள் ஆகாதாம். சாலட் மேல் வறுத்த எள் தூவலாம் என்று நினைத்திருந்தேன், அதை விட்டுவிடுகிறேன். குழந்தைகள் இருவருக்கும் மூன்று வயதுக்கு மேல். நேரப் பட்டியலைத் தாளில் எழுதி ஒட்டியாயிற்று. மேசைப் பொறுப்பை என் கணவர் இன்றே ஏற்றுக்கொண்டு பாத்திரங்களை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரே ஓர் ஐயம் மிச்சம்: விருந்தினர் அரை மணி நேரம் தாமதமாக வந்தால் எதை நிறுத்தி வைப்பது?

அகப்பை எழுதியது:

கோழி தாங்கிக்கொள்ளும். வெந்ததும் ஓவனை 80 டிகிரிக்குக் குறைத்து, கதவைச் சில நிமிடம் திறந்து வைத்துச் சூட்டைத் தணித்துவிட்டு மூடினால் அரை மணி நேரம் அப்படியே இருக்கும். சோற்றை அடுப்பை அணைத்து இறுக மூடி, மேலே ஒரு தடித்த துணியைச் சுற்றி வையுங்கள். அரை மணிக்குள் சூடு அதிகம் இறங்காது. அதற்கு மேலும் தாமதமானால் மிகக் குறைந்த தீயில் வையுங்கள். குழம்பைச் சிறு தீயில் விட்டு, இறுகினால் கொதிநீர் சேருங்கள். சாலட்டை மட்டும் அவர்கள் வந்து அமரும்வரை தொட வேண்டாம். இன்னும் பாதுகாப்பாக இருக்க விரும்பினால், அவர்கள் கிளம்பியதும் ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்த பிறகு சோற்றுக்கு அடுப்பை மூட்டினால் போதும்.